நைசியாவில் நூல் பட்டியல் எதுவும் போடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு பெட்டிச் செய்தி பார்த்தேன். கி.பி. 325இல் நைசியா என்ற ஊரில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் ரோம மன்னர் கான்ஸ்டன்டைன் வாக்கெடுப்பு நடத்தி, பைபிளில் எந்த நூல் இருக்கலாம், எது கூடாது என்று முடிவு கட்டினார் என அதில் எழுதியிருந்தீர்கள். இது தவறு. பலரும் சொல்லிச் சொல்லி உண்மை போல ஆகிவிட்ட தவறு. தயவுசெய்து திருத்துங்கள்.

நான் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. மஞ்சக்குப்பத்தில் 41 வருடம் புத்தக பைண்டிங் செய்தவன். அப்பா கடலூர், லுத்தரன் சபை. அம்மா புதுச்சேரி, கத்தோலிக்கர். எங்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் இரண்டு பைபிள் இருக்கும். அப்பாவுடையதில் 66 நூல், அம்மாவுடையதில் 73. சின்ன வயதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மாவுடையது ஏன் தடிமன் என்று கேட்பேன். அப்பா உன்னதப்பாட்டு என்பதை அம்மா இனிமைமிகு பாடல் என்பார். அவர்களுக்குள் இதனால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

சண்டை வந்தது அம்மா இறந்த பிறகு. முப்பதாம் நாள் ஜெபத்தில் என் தங்கை சாலமோனின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தாள். நீதிமான்களின் ஆன்மா கடவுளின் கையில் இருக்கிறது என்று தொடங்கும் பகுதி. அம்மாவுக்கு அது மனப்பாடம். வாசித்து முடிப்பதற்குள் உறவினர் ஒருவர், "இது வேதத்துலயே இல்லம்மா, கான்ஸ்டன்டைன் ராஜா நுழைச்சது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தங்கை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். மேற்கொண்டு வாசிக்கவில்லை. உங்கள் பெட்டிச் செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த மூடிய புத்தகம்தான் கண்முன் வந்தது.

நைசியாவில் பேசியது, இயேசு பிதாவுக்குச் சமமல்ல என்று ஆரியுஸ் என்ற குரு போதித்த கொள்கையைப் பற்றியும், ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்பது பற்றியும். அங்கே இயற்றிய 20 விதிகள் இன்றும் இருக்கின்றன. நூல் பட்டியலைச் சொல்லும் விதி அதில் ஒன்றுகூட இல்லை. கான்ஸ்டன்டைன் செய்தது வேறு ஒன்று. சங்கம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, தன் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக 50 பிரதி வேதநூல்களை நல்ல தோலில் எழுதி அனுப்பும்படி செசரியா ஆயர் யுசேபியுசுக்குக் கடிதம் எழுதினார். கொண்டுவர இரண்டு அரசு வண்டிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. ஒரு பைண்டராகச் சொல்கிறேன், அது ஆர்டர். ஆர்டர் கொடுத்தவர் நூலைத் தேர்ந்தெடுத்தவர் ஆகமாட்டார்.

அந்த யுசேபியுஸ் எழுதிய திருச்சபை வரலாற்றிலேயே, எல்லாரும் ஏற்கிற நூல்கள் இவை, சிலர் ஏற்றுச் சிலர் மறுக்கிற நூல்கள் இவை என்று பிரித்துக் காட்டுகிறார். யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் எல்லாம் இரண்டாவது வகையில் இருந்தன. சினாய் மலை மடத்தில் கிடைத்த பழைய தோல் புத்தகமும் அதே 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். அதில் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்ததும் பர்னபா கடிதமும் எர்மாவின் மேய்ப்பர் என்ற நூலும் வருகின்றன. இன்று எந்தப் பைபிளிலும் அவை கிடையாது. நைசியாவில் முடிவாகியிருந்தால் அந்த எழுத்தர் ஏன் அவற்றையும் எழுதிச் சேர்க்கப் போகிறார்?

இன்று நாம் வைத்திருக்கும் 27 புதிய ஏற்பாட்டு நூல்களும் கூடாமல் குறையாமல் வரும் முதல் பட்டியல் 367இல் எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் ஈஸ்டர் நாளை அறிவிக்க வருடாவருடம் எழுதும் சுற்றுமடலில் அது 39ஆவது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போவில் 393இலும் கார்த்தேஜில் 397இலும் கூடிய ஆயர்கள் அதே 27ஐச் சொன்னார்கள். பழைய ஏற்பாட்டில் சாலமோனின் ஞானத்தையும் தோபித்து, யூதித்தையும் சேர்த்தே சொன்னார்கள். அப்போதும் எல்லா ஊரிலும் ஒரே கணக்கு இல்லை. சிரியாக் மொழிச் சபை வெகு காலம் 22 நூல்களோடு வாசித்தது. எத்தியோப்பியாவில் இன்றும் ஏனோக்கு உட்பட 81 என்பார்கள்.

யூதர்களின் கதையும் இதே போலத்தான். அவர்கள் கணக்கில் 24 நூல். புராட்டஸ்டண்ட் பழைய ஏற்பாட்டின் 39உம் அதுவும் ஒன்றே; எண்ணும் விதம்தான் வேறு. பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளும் ஒரே சுருளில் அடங்குவதால் ஒரு நூல். எபிரெயத்தில் சாமுவேல் ஒரே நூல்தான். கிரேக்க மொழிபெயர்ப்பில் உயிரெழுத்தையும் எழுத வேண்டும், இடம் அதிகம் பிடிக்கும். அதனால் இரண்டு சுருளாயிற்று. தாள் கணக்குப் பார்த்தே பிழைத்த எனக்கு இது உடனே புரிந்தது.

இந்தப் பட்டியலை யாப்னே என்ற ஊரில் கி.பி. 90 வாக்கில் ரபிகள், அதாவது யூத வேத ஆசிரியர்கள், சங்கம் கூட்டி முடிவு செய்தார்கள் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கிளம்பிய ஊகம் அது. இப்போது ஆய்வாளர்கள் அநேகமாகக் கைவிட்டுவிட்டார்கள். ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருப்பது ஒரு வாக்குவாதம். பிரசங்கியும் உன்னதப்பாட்டும் கையைத் தீட்டாக்குமா, ஆக்காதா? புனித நூலைத் தொட்டால் கை தீட்டு என்பது அவர்கள் முறை. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத் காரணம் சொல்கிறது: குருக்களுக்கான படையல் தானியத்தையும் வேதச் சுருளையும் "இதுவும் புனிதம், அதுவும் புனிதம்" என்று ஒரே இடத்தில் வைத்தார்கள்; சுருள் கெட்டுப்போயிற்று. எலி வந்து கடித்தது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். சுருளைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. ரபி அகிபா எழுந்து, எல்லா எழுத்தும் புனிதம், உன்னதப்பாட்டோ புனிதத்திலும் புனிதம் என்று வாதாடினார். பல காலம் பாடியும் ஓதியும் வந்த நூலைப் பற்றிய பேச்சு இது. கை தூக்கி வாக்கெடுத்த பேச்சு அல்ல.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதா? தில்லையில் பூட்டிக் கிடந்த அறையில் கரையான் புற்றுக்குள் இருந்து தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது. அது பன்னிரண்டாம் திருமுறையாகப் பிறகு சேர்ந்தது. நாலாயிரத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்காரர். கத்தோலிக்கப் பைபிளில் அந்தக் கூடுதல் நூல்களுக்குத் தலைப்பே "இணைத்திருமுறை" என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்பா வழி உறவினருக்கு நான் அன்று சொல்லத் தெரியாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். லுத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் சாலமோனின் ஞானம் போன்ற இந்தக் கூடுதல் நூல்களை எடுத்துவிடவில்லை. வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்று இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்தார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டை முடித்த சூல்ச், 1728இல் இவற்றையும் தமிழில் அச்சிட்டார். அவரும் லுத்தரன்தான். கத்தோலிக்கர் 1546இல் திரெந்துச் சங்கத்தில் இவை வேதமே என்று உறுதியாகச் சொன்னார்கள். லண்டன் பைபிள் சங்கமோ 1826இல், இந்த நூல்கள் இருக்கும் பைபிளுக்குப் பணம் தரமாட்டோம் என்று தீர்மானித்தது. இவை வேதமா இல்லையா என்பதில் இரு சபையும் வேறுபடலாம், அது அவரவர் விசுவாசம். ஆனால் ஒரு ராஜா நுழைத்தார் என்பது பொய். சாலமோனின் ஞானம் கான்ஸ்டன்டைனுக்கு முந்நூறு வருடம் போல மூத்தது.

போன மாதம் அம்மாவின் பைபிளைப் பிரித்துப் பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, மறுபடி தைத்தேன். அந்த மூன்றாம் அதிகாரம் இருந்த தாள் ஓரம் நைந்து, விரல் பட்டுப் பழுப்பாகியிருந்தது. மெல்லிய தாள் ஒட்டிச் சரி செய்து, கருப்பு காலிகோ துணி அட்டை போட்டுத் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், அதே அளவு பெட்டியில் திருத்தத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த உறவினரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைண்டர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.