முதல் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வேண்டும்

ஃபுல் கான்டாக்ட் கராத்தே போட்டி நடத்தும் அமைப்பாளர்களுக்கும், ஆட்டம் நடக்கும் மேட் மீது நிற்கும் நடுவர்களுக்கும், சக மாஸ்டர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தருகிறேன். இந்த வருஷமும் உங்கள் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்து வரப்போகிறேன். அவர்களில் பாதிக்கு மேல் முதல் முறையாக மேட் ஏறுகிறவர்கள். அவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். முதல் போட்டிக்கு வருகிற பிள்ளையை, அதேபோல முதல் போட்டிக்கு வருகிற பிள்ளையோடு மட்டும் மோதவிடுங்கள். அந்தப் பிரிவுக்கென்று சில விதிகளையும் தனியாக வையுங்கள்.

நம் பிள்ளைகள் விளையாடுவது பெரும்பாலும் கியோகுஷின் என்ற ஃபுல் கான்டாக்ட் கராத்தே வழி வந்த விதிகள். கையுறை கிடையாது. முகத்தில் குத்தக் கூடாது, ஆனால் காலால் தலையில் உதைக்கலாம். நெஞ்சிலும் வயிற்றிலும் முழு பலத்தோடு குத்தலாம், தொடையில் உதைக்கலாம். விழுந்தவர் மூன்று விநாடிக்குள் எழவில்லை என்றால் எதிராளிக்கு இப்போன் என்ற முழுப் புள்ளி, அதோடு ஆட்டம் முடிந்தது. அதற்குள் எழுந்துவிட்டால் எதிராளிக்கு வாசாரி என்ற அரைப் புள்ளி, ஆட்டம் தொடரும். இந்த வடிவம் 1969-ல் கியோகுஷினை உருவாக்கிய மாஸ் ஓயாமா டோக்கியோவில் நடத்திய முதல் அகில ஜப்பான் போட்டியிலிருந்து வருவது. அங்கே களமிறங்கியவர்கள் வளர்ந்த ஆண்கள், வருடக்கணக்கில் உடம்பை அடிக்குப் பழக்கியவர்கள். அவர்களுக்காக வகுத்த விதிகளை ஆட்ட நேரத்தை மட்டும் குறைத்து, ஒரு ஹெட் கார்டை மாட்டிவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதல் ஆட்டத்துக்கும் வைத்துவிட்டோம்.

முதல் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தயார் செய்யும் மாஸ்டருக்குத் தெரியும், அடிக்கச் சொல்லித்தருவது அதில் சின்னப் பங்குதான். உதையும் குத்தும் அவர்களுக்கு ஏற்கெனவே வரும். முன்பின் பார்த்திராத ஒருவன் நிஜமாகவே தொடையில் உதைத்தால் உடம்பு என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், உதைக்கிறவன் கூடவே சைக்கிளில் வருகிற பையன். அவன் கால் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியும், வலித்தால் நிறுத்துவான் என்பதும் தெரியும். போட்டியில் அந்த இரண்டும் இல்லை. அதனால் இரண்டு மாதம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறோம். முதலில் தொடையில் கிக் பேடை வைத்து வாங்கச் சொல்வேன். அப்புறம் பேட் இல்லாமல் மெதுவான உதை. அதற்குப் பிறகுதான் காலைத் தூக்கிக் கணைக்காலில் தடுப்பது. வயிற்றில் குத்து வாங்கும்போது மூச்சை வெளியே விடக் கற்பதற்கே சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தினால் அந்தப் பிள்ளை அடிக்குப் பயந்து கண்ணை மூடக் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கஷ்டம்.

பக்கத்து ஊர் மாஸ்டரிடம் சொல்லி அவருடைய பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைப்பேன். சிவப்பு, வெள்ளை ரிப்பன் கட்டி, நான்கு மூலையிலும் கொடியோடு ஆள் நிறுத்தி, சுற்றிலும் பிள்ளைகளைக் கத்தச் சொல்லி ஒரு முழு ஆட்டம் நடத்துவோம். அப்போதுதான் முதல் ஆட்டத்தின் கோளாறு வெளியே வரும். நடுவர் "ஹாஜிமே" (ஆரம்பி) என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற பலம் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அரை நிமிஷம் தாண்டுவதற்குள் கை கீழே இறங்கிவிடும். தலைக்கு உதை வருவது அந்த நேரத்தில்தான். கார்னரிலிருந்து நான் சொல்வது "மூச்சு விடு", "கை மேலே", இவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் பிள்ளையின் காதில் ஏறாது. டெக்னிக்கெல்லாம் டோஜோவில் சொல்லி முடித்திருக்க வேண்டும். கார்னரில் நின்று நீளமாகக் கத்துகிற மாஸ்டரைப் பார்த்தால் எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கவலையாக இருக்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்து அழைத்து வந்தால், ஜோடி சேர்க்கும் ட்ராவில் எதிரே நிற்பது நான்கைந்து போட்டி கண்ட பிள்ளை. வயதும் எடையும் பெல்ட்டும் ஒன்றாக இருக்கிறதே என்பீர்கள். பெல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நம் ஊரில் பாதி டோஜோக்களில் சொல்லித்தருவது பாயின்ட் கராத்தே. அதில் தொட்டுவிட்டுக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும்.

பாயின்ட் விதியில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் கராத்தேயில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவின் இறுதி ஆட்டம். சவூதியின் தாரெக் ஹமிதி முன்னிலையில் இருந்தார். அவருடைய உயர உதை பட்டு ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழுந்தார். அளவு மீறிய தாக்குதல் என்று ஹமிதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தங்கம் கஞ்ச்சாதேவுக்குப் போனது. அதே உதை நம் மேட் மீது விழுந்தால் இப்போன், கைதட்டல். அந்த விதியில் பழுப்பு பெல்ட் வாங்கிய பிள்ளைக்கும் நம் விதியில் பழுப்பு பெல்ட் வாங்கிய பிள்ளைக்கும் பெல்ட்டின் நிறத்தைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. பாயின்ட் ஆட்டத்தில் வளர்ந்த பிள்ளை தூரத்தில் நின்று பழகியது. நெருங்கி வந்து நெஞ்சோடு நெஞ்சாக நின்று அடிக்கிற ஆட்டத்தில் அதற்கு எங்கே நிற்பது என்றே தெரியாது. என்ட்ரி படிவத்தில் "இதற்கு முன் எத்தனை ஃபுல் கான்டாக்ட் ஆட்டம்" என்று ஒரே ஒரு கட்டம் சேருங்கள். மாஸ்டர் அதில் கையெழுத்துப் போடட்டும். பொய் எழுதுகிறவர் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள்தான். அவர்களை நம் வட்டத்துக்குள் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சமீபத்தில் ஒரு போட்டிக்கு என் மாணவி ஒருத்தியை அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு அது முதல் போட்டி. எதிரே நின்ற பெண் அனுபவசாலி. பக்கவாட்டில் வந்த உதை தலையில் பட்டு இவள் முழங்காலில் விழுந்தாள், உடனே எழுந்துவிட்டாள். வாசாரி கொடுத்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்கள். ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருந்த அந்தப் பெண் வேகத்தில் முகத்தில் குத்திவிட, அவரைத் தகுதி நீக்கம் செய்து இவள் ஜெயித்ததாகக் கொடி தூக்கினார்கள். அரை மணி நேரத்துக்குள் அரையிறுதிக்கு மைக்கில் பெயர் வந்தது. அதற்குள் அவள் என்னிடம், "மாஸ்டர், நான் ஜெயிச்சேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பெயரை விலக்கிக்கொண்டேன். டேபிளில் இருந்தவர், "மயக்கம் போடலையே, நல்லாத்தானே நிக்குது" என்றார். அவளுடைய அப்பாவுக்கும் என்மேல் வருத்தம். ஒரு மெடல் நிச்சயம் என்று இருந்த இடம் அது. மண்டபத்தில் டாக்டர் இல்லை. ஐஸும் வலி ஸ்பிரேயும் இருந்தன. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனோம். அது மூளையதிர்ச்சி என்றார்கள். தலைவலி போக நாளாயிற்று. இப்போது நன்றாக இருக்கிறாள், வகுப்புக்கும் வருகிறாள்.

"மயக்கம் போடலையே" என்ற அந்தப் பேச்சைத்தான் நாம் விட்டாக வேண்டும். மூளையதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் நினைவு தப்புவதே இல்லை. பார்வை வெறித்திருப்பது, தள்ளாடுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, வாந்தி, வெளிச்சம் பட்டால் தலைவலி, இவையெல்லாம் அடையாளங்கள். சிலருக்கு இவை பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். விளையாட்டில் மூளையதிர்ச்சி பற்றி உலக நிபுணர்கள் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பேசி அடுத்த வருஷம் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும் இதில் தெளிவாக இருக்கிறது. சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்கே மறுபடி இறக்கக் கூடாது. ஒரு தடவை அதிர்ந்த மூளை ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தால் வளரும் பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெட் கார்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வெட்டுக்காயம் வராமல் அது தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது.

இப்போது நம் மூன்று விநாடி விதியைப் பாருங்கள். தலையில் அடிபட்டு விழுந்த பிள்ளை இரண்டாவது விநாடியில் எழுந்தால் ஆட்டம் தொடர்கிறது. எழுந்து நிற்பது கால் செய்கிற வேலை. தலைக்குள் என்ன ஆயிற்று என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதிலும் முதல் போட்டிக்கு வந்த பிள்ளை அப்பா, அம்மா, மாஸ்டர் எல்லோரும் பார்க்கிறார்களே என்று எப்படியும் எழுந்துவிடும். ஆகவே முதல் முறைப் பிரிவில் தலையில் உதை பட்டு ஒரு கை அல்லது முழங்கால் தரையில் பட்டாலே ஆட்டம் முடிந்ததாக வையுங்கள். உதைத்த பிள்ளைக்கு முழு வெற்றி கொடுங்கள், அது உழைத்துச் சம்பாதித்தது. விழுந்த பிள்ளை அன்றைக்கு வேறு ஆட்டத்துக்கு வர வேண்டாம். எதிராளி தவறு செய்து, விழுந்த பிள்ளையே ஜெயித்தாலும் அப்படித்தான். மெடலைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

நெஞ்சில் விழும் அடியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நெஞ்சின் மீது அடி விழுந்தால், எந்த நோயும் இல்லாத இதயமும் தாளம் தப்பி நின்றுபோகலாம். மிக அபூர்வம்தான். ஆனால் நடப்பது பெரும்பாலும் பதின்ம வயதுப் பையன்களுக்கு, விளையாட்டு மைதானத்தில். நம் ஆட்டத்தில் கை போகிற முக்கியமான இலக்கே நெஞ்சு. செஸ்ட் கார்ட் போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அப்படி விழுந்தவரைக் காப்பாற்ற வழி, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குவதும், சில நிமிடங்களுக்குள் ஏ.இ.டி. கருவியால் மின்னதிர்வு கொடுப்பதும்தான். ஒன்றும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும். 108 மிக நல்ல சேவை, ஆனால் போன் செய்து அது மண்டபத்துக்கு வந்து சேருகிற நேரம் இதற்குப் போதாது. வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்துகிறீர்கள் என்றால் அதில் அந்தக் கருவி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆட்டத்தை நிறுத்துகிற அதிகாரம் உள்ள ஒரு டாக்டரை மேட் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேடையில் சிறப்பு விருந்தினர் வரிசையில் உட்காரும் டாக்டரால் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

எடை பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. மே மாதத்தில், ஏ.சி. இல்லாத கல்யாண மண்டபத்தில், ஒரு கிலோ குறைய வேண்டும் என்று முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். இது மாஸ்டர்களாகிய நம் பொறுப்பு. இரண்டு இட்லி சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்த எடை என்னவோ அந்தப் பிரிவில் ஆடட்டும்.

"இதெல்லாம் வைத்தால் அது ஃபுல் கான்டாக்டே இல்லை, அடி வாங்காமல் கராத்தே எப்படி வரும்?" என்று மூத்த மாஸ்டர்கள் சிலர் கேட்பார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. நானும் அடி வாங்கி வளர்ந்தவன்தான். என் பிள்ளைகளும் வாங்கத்தான் போகிறார்கள். தொடை வீங்கி மாடிப்படி ஏற முடியாமல் திங்கட்கிழமை பள்ளிக்குப் போவார்கள். அது ஆறிவிடும், அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. தலையில் விழுவது அந்தக் கணக்கில் சேராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுபவசாலியிடம் முதல் ஆட்டத்திலேயே நொறுங்கிப் போன பிள்ளைகள் பலர் அடுத்த மாதமே வகுப்பை விட்டுவிடுகிறார்கள். அவர்களில் நல்ல கால் உள்ளவர்களும் இருந்தார்கள். சமமான எதிராளியோடு ஆடித் தோற்றவர்கள் அடுத்த வாரமே வந்து, "மாஸ்டர், அந்த உதைய எப்படித் தடுக்கிறது?" என்று கேட்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கேள்வி கேட்கிற பிள்ளைகள்.

சக மாஸ்டர்களே, கார்னரில் நிற்கிறவருக்கு ஆட்டத்தை நிறுத்துகிற உரிமை வேண்டும் என்று நாமெல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். துண்டு எறிந்தால் நடுவர் அந்தக் கணமே "யாமே" (நிறுத்து) சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை வழக்கமாக எப்படி நிற்கும், எப்படி மூச்சு விடும் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே நாம்தான். பெற்றோரிடமும் போட்டிக்கு முன்பே பேசிவிடுங்கள்: நான் நிறுத்தினால் ஏன் என்று அப்புறம் கேளுங்கள், மேட் பக்கத்தில் நின்று வாதாட வேண்டாம் என்று. முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

அமைப்பாளர்களுக்கு இதில் வேலை கூடும் என்று தெரியும். தனி ட்ரா, தனி நேரம், டாக்டர் செலவு எல்லாம் இருக்கிறது. என்ட்ரி ஃபீஸில் கொஞ்சம் கூட்டினால் எங்கள் பெற்றோர் கொடுப்பார்கள், நான் அவர்களிடம் பேசிவிட்டேன். முதல் முறைப் பிரிவைக் காலையிலேயே வைத்தால் டாக்டரும் புத்துணர்ச்சியோடு இருப்பார், பிள்ளைகளும் மத்தியானம் வரை பயத்தோடு காத்திருக்க வேண்டியதில்லை. எடை பார்க்கவும் படிவம் சரிபார்க்கவும் ஆள் வேண்டும் என்றால் விடிவதற்குள் வந்துவிடுகிறேன். என் பழைய மாணவர்கள் சிலர் மூலையில் உட்கார்ந்து கொடி பிடிக்கவும், நெஞ்சழுத்தப் பயிற்சி எடுத்துக்கொண்டு முதலுதவிக்கு நிற்கவும் தயாராக இருக்கிறார்கள். அடுத்த போட்டியின் அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு நாள் நேரம் ஒதுக்குங்கள், உட்கார்ந்து விதிகளை எழுதிவிடலாம்.

ஓஸ்.

உங்கள் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஒரு மாஸ்டர்