அண்ணாவுக்கு: லைப்ஸிக் தட்டு என்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் இசைத்தட்டுகளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று நீ கேட்டு வெகு நாளாகிவிட்டது. வருஷத் திதி நெருங்குகிறது, இனியும் தள்ளிப்போட முடியாது. பெட்டி முழுவதையும் நீயே எடுத்துக்கொள். ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸின் 'கடைசி நான்கு பாடல்களை'ப் பாடகி லீசா டெல்லா காசாவும் இசைக்குழு நடத்துநர் கார்ல் பேமும் 1953-இல் வியன்னாவில் செய்த பதிவும் உனக்குத்தான். அதே பாடல்களை ஜெஸ்ஸி நார்மன் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பாடிய தட்டை மட்டும் கேட்காதே. அது என்னிடம் இருக்கும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அந்த நான்கில் ஒன்றான 'அந்திச் சிவப்பில்' பாட்டின் தலையில் ஷ்ட்ராவுஸ் ஆண்டான்டே என்றுதான் எழுதியிருக்கிறார், அது நடையின் வேகம், நார்மனுக்கு இசைக்குழுவை நடத்திய கர்ட் மசூர் நடையையே நிறுத்திவிட்டார் என்பாய். டெல்லா காசா ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் முடிப்பதை நார்மன் பத்து நிமிடத்துக்கு இழுக்கிறார் என்று அப்பாவிடமே வாதாடியிருக்கிறாய். உன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. டெல்லா காசாவின் குரலில், பாட்டில் வரும் தம்பதியின் காலில் இன்னும் தெம்பு இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த திருப்பம்வரை போய்விடலாம் என்று தோன்றுகிறது. அழகான பதிவு. ஆனால் பாட்டுக்கு வரிகளான ஐஷன்டார்ஃபின் கவிதையில் வருகிறவர்கள் நடந்து முடித்தவர்கள். இன்பத்திலும் துன்பத்திலும் கைகோத்து வந்து, கடைசியில் ஓய்ந்து நிற்கிறவர்கள். அந்தக் களைப்பை விரைந்து பாட முடியாது, அண்ணா.

மெதுவாகப் பாடுவது எல்லோருக்கும் கைகூடுவதும் இல்லை. காலப்பிரமாணம் தளரத் தளர மூச்சு கூடுதலாக வேண்டும். 1982-இல் நார்மனிடம் அந்த மூச்சு இருந்தது. பரந்த அமைதியை விளித்துப் பாடும் அந்த வரியை மட்டுமாவது ஒருமுறை தனியாக உட்கார்ந்து கேள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில்கூடக் குரல் மெலியவில்லை. அடியில் லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் தந்திகள், வில் திரும்புவதே தெரியாமல் அவரைத் தாங்கிக்கொண்டு போகின்றன. வேகத்தைக் கூட்டினால் இதில் பாதி காதில் விழாது.

சோகப் பாட்டு, சோகப் பாட்டு என்று நீ சொல்வதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. அந்த நான்கு பாடல்களில் வசந்தத்தைப் பாடுவது, சோகச் சாயலுள்ள சி மைனரில் தொடங்குகிறது. மரணத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் இந்தப் பாட்டோ பிரகாசமான ஈ பிளாட் மேஜரில் எழுகிறது. முழு இசைக்குழுவும் சேர்ந்து எழுப்பும் அந்த முதல் நாதத்தில் அழுகை எங்கே இருக்கிறது? 1948 மே மாதம், 83 வயதில், சுவிட்சர்லாந்தில் ஷ்ட்ராவுஸ் இதை எழுதி முடித்தார். மறு ஆண்டு செப்டம்பரில் காலமானார். லண்டனில் 1950 மே 22 அன்று முதன்முதலாக அரங்கேறியபோது மனைவி பௌலீனாவும் இல்லை. ஒன்பது நாளைக்கு முன்புதான் அவரும் போயிருந்தார். இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும், இந்த இடம் வரும்போது அப்பா அம்மாவைத்தான் பார்ப்பார்.

அந்த இரவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இதை அத்தையும் சித்தப்பாவும் படிப்பார்கள் என்பதால் மருத்துவர் சொன்னதையும், வராந்தாவில் நாம் பேசிக்கொண்டதையும் விட்டுவிடுகிறேன்.

பாட்டைக் கேட்டது அப்பா. நார்மனைத்தான் கேட்டார். நீ உன் போனைத் தலையணையோரம் வைத்து, ஒலியைக் குறைத்து, அவர் போர்வையைச் சரிசெய்தாய். அவ்வளவு பக்குவமாகச் செய்தாய். அந்த வாரம் முழுவதும் அவருக்கு முகம் துடைத்ததும் நகம் வெட்டியதும் நீதான். நான் பயந்துகொண்டு கால்மாட்டிலேயே நின்றேன். அதை எந்நாளும் மறக்கமாட்டேன். அப்பாவின் சுட்டுவிரல் போர்வையின் மேல் லயத்துக்கு மெல்ல ஏறி இறங்கியது. கடைசி வரி வந்தது. இதுதான் மரணமோ என்று அந்தக் குரல் கேட்டது. நீ சட்டென்று கையை நீட்டி நிறுத்திவிட்டாய்.

விரல் நிற்கவில்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய், அதைப் பார்க்கவில்லை. குரல் ஓய்ந்ததும் பிரெஞ்சு ஹார்ன் எடுக்கும் மெட்டு, ஷ்ட்ராவுஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் 'மரணமும் உருமாற்றமும்' படைப்பில் எழுதியது. அதிலிருந்து இசைக்குழு நிதானமாக ஈ பிளாட்டுக்குத் திரும்பி வரவேண்டும். கவிதையில் வரும் இரண்டு வானம்பாடிகளுக்காகப் பிக்கோலோ என்ற சின்னப் புல்லாங்குழல்கள் சிலிர்க்க வேண்டும். கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அது அத்தனையும் அப்பாவின் விரலில் ஓடியது. அறையில் சத்தமே இல்லை. சிலிர்ப்பு வரும் இடத்தில் நடுவிரலும் சேர்ந்து துடித்தது. நீ ஏன் நிறுத்தினாய் என்று எனக்குப் புரிகிறது. உன்னால் தாங்க முடியவில்லை. ஆனால் தாங்க முடியாதது உனக்கு. அவருக்கு இல்லை. அவர் கேட்டு வாங்கிய பாட்டு அது.

காரியத்தன்று உன்னோடு பேசாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு. அண்ணி சமையலறையில் தனியாக அழுதாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன், அவளிடமும் சொல். அன்று வாயைத் திறந்திருந்தால் அத்தனை பேர் முன்னால் இதைத்தான் கேட்டிருப்பேன். பேசாமல் இருந்ததே மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திதியன்று சாப்பாடெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு, சாயங்காலம் அந்தத் தட்டைப் போடுவேன். பிளேயருக்குப் புது ஊசி வாங்கியாகிவிட்டது. அம்மாவும் கேட்கவேண்டும் என்கிறாள். நீ இருந்தால் எனக்குச் சந்தோஷம். முடியாது என்று தோன்றினால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடு, தப்பாக நினைக்கமாட்டேன். இருப்பதானால் கடைசிவரை இரு. நடுவில் யாரும் எழுந்து நிறுத்தக் கூடாது.

உன் தங்கை