நெற்றைப் பழுக்க விடாமல் விதைக்கு எங்கே போவது?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விவசாயப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்து மூலிகைகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஆடாதோடை, நொச்சி இரண்டையும் குச்சி ஒடித்து நட்டால் வரும் என்று எழுதியது சரிதான், எங்கள் வேலியிலும் அப்படித்தான் வந்தது. ஆனால் பேதிக்குக் கொடுக்கிற நிலாவாரைக்கும் அதையே எழுதி, தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பக்கத்தில் அவுரிச் செடியின் படத்தைப் போட்டுவிட்டீர்கள். திசையன்விளைப் பக்கம் மானாவாரி விளையில், அதாவது புன்செய் நிலத்தில், அப்பா காலத்திலிருந்து நிலாவாரை போடுகிற குடும்பம் நாங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

வெளிநாட்டு மருந்து நூல்களில் இந்தச் செடிக்கு 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்திலும் பிறந்த செடி, நம் செம்மண்ணிலும் வெயிலிலும் நன்றாக ஊன்றிக்கொண்டு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி ஊர் பெயரையே வாங்கிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பாளையங்கோட்டையில் பத்துப் பேரிடம் இந்தச் செடியைக் காட்டினால் ஒருவராவது பெயர் சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம்.

பெயரில் குழப்பம் இருப்பது உண்மைதான். எங்கள் பக்கத்து வியாபாரிகளே சிலர் இதை அவுரி என்றுதான் எடை போடுவார்கள். நீலச் சாயம் எடுக்கிற அவுரி வேறு, மஞ்சள் பூவைப் பறித்துப் பொங்கலுக்குக் காப்பு கட்டுகிற ஆவாரை வேறு. செடி உயிரோடு நின்றால் பிரித்துப் பார்ப்பது சுலபம், ஒரு இலைக் காம்பை நுனி வரை பாருங்கள். அவுரியில் நுனியில் ஒற்றைச் சிற்றிலை நிற்கும், நிலாவாரையில் நுனியிலும் ஜோடியாகத்தான் முடியும். ஆவாரையிலும் ஜோடிதான், ஆனால் அதன் சிற்றிலை நுனி மழுங்கி இருக்கும், காம்பின் அடியில் காது மாதிரி ஒரு மடல் ஒட்டிக்கொண்டிருக்கும். நிலாவாரை இலை ஈட்டி மாதிரி கூர்மை, காய் தட்டையாக, அகலமாக, காகிதம் போல் இருக்கும்.

காய்ந்த இலையாக வந்தால்தான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மதினி நரைக்குப் பூச அவுரிப் பொடி கேட்டு ஒரு கடையில் வாங்கி வந்தார். முதல் நாள் மருதாணி, மறுநாள் இந்தப் பொடி என்று முறையாகத்தான் செய்தார், முடி செம்பட்டையாகவே நின்றது, கறுக்கவே இல்லை. பொட்டலத்தின் அடியில் அரைபடாமல் கிடந்த இரண்டு இலையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கூர் நுனி, அடியில் காம்பு சேருகிற இடத்தில் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கோணலாக இருந்தது, எங்கள் விளையில் தினம் பார்க்கிற இலையேதான். தலைக்குப் போனதால் செலவோடு போயிற்று. இதைச் சத்துப்பொடி என்று நினைத்து தினமும் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் என்ன ஆகும்? இரவில் சாப்பிட்டால் காலையில் பேதியாகும், அதுதான் இந்த இலையின் வேலை. மலச்சிக்கலுக்கு நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளலாம், வாரக்கணக்கில் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து தளர்ந்துவிடும். கர்ப்பிணிகளும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இனி வளர்ப்பு. நிலாவாரையை விதை போட்டுத்தான் எடுக்க வேண்டும். விதையின் தோல் ரொம்பக் கெட்டி, அப்படியே தூவினால் கொஞ்சம் முளைக்கும், கொஞ்சம் அடுத்த மழைக்கு முளைக்கும், மிச்சத்தைக் காணோம். நாங்கள் விதையை ஆற்று மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்போம், விதையின் பளபளப்பு போய் மங்கலானால் போதும். அப்புறம் ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போட்டால் காலையில் தோல் இளகியதெல்லாம் உப்பி நிற்கும், இளகாதது பழைய அளவிலேயே அடியில் கிடக்கும். அதை மட்டும் பொறுக்கி மறுபடி தேய்க்க வேண்டியதுதான். மானாவாரிக்குப் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ, முதல் நல்ல மழை பார்த்து விதைப்பது வழக்கம். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ வரை பிடிக்கும், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. விரல் நுனி ஆழத்துக்கு மேல் போகக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில்தான் உங்கள் கட்டுரை பலருடைய செடியைக் கொன்றிருக்கும். நிலாவாரை வறட்சியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. வேரில் ரெண்டு நாள் தண்ணீர் நின்றால் இலை மஞ்சளாகிக் கொட்டிவிடும், மூன்றாவது நாள் பிடுங்கினால் வேர் கையோடு வரும். தொட்டியில் வளர்க்க நினைத்தால் பாதிக்குப் பாதி மணல் போடுங்கள், மேல்மண் காய்ந்து வெளுத்த பிறகு ஊற்றுங்கள், நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் வையுங்கள்.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை, ஆனால் ஓடை உடைத்துக்கொண்டு வந்து விளையில் நாலு நாள் நின்றது. முதல் பறிப்புக்குத் தயாராக இருந்த ஒரு ஏக்கர் அப்படியே அழுகியது. அழுகிய இலையின் வாடை வீடு வரைக்கும் வந்தது.

அடுத்த ஐப்பசிக்கு விதை தேடினால் கையில் ஒரு பிடி கூட இல்லை. சுற்று வட்டாரத்தில் நிலாவாரை போடுகிற யாரிடமும் இல்லை. கடைசியில் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து 8 கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்து நூறு விதையை எண்ணி, தேய்த்து, ஊற வைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்தால் 31தான் முளைவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே விதைத்தேன். முளைத்ததிலும் அங்கங்கே ஆவாரை கலந்து நின்றது. அந்த வருஷமும் போயிற்று.

அப்புறம்தான் யோசித்தேன், ஊர் முழுக்கப் பயிராகிற செடிக்கு ஊருக்குள் விதை இல்லாமல் போனது எப்படி? காரணம் எங்கள் கையில்தான் இருக்கிறது ஐயா. விதைத்து ரெண்டு இரண்டரை மாதத்தில் முதல் இலை பறிப்போம், அப்புறம் மாதம் ஒரு தடவை. இலை அதிகம் வர வேண்டும் என்று முதலில் வருகிற பூமொட்டைக் கிள்ளிவிடுவோம். காய்க்கும் விலை உண்டு, ஆனால் பச்சை மாறி லேசாக மஞ்சள் தட்டும்போதே பறித்தால்தான் உண்டு, முற்றிக் காய்ந்து நெற்றானால் வியாபாரி தள்ளிவிடுவார். கடைசிப் பறிப்பில் செடியையே பிடுங்கிக் களத்தில் போட்டுவிடுவோம். ஆக, ஒரு காய் கூட முழுசாகப் பழுக்க நாங்கள் விடுவதில்லை. பிறகு விதை என்று விற்பது, களத்தைக் கூட்டிப் பெருக்கும்போது கிடைக்கிற அரைகுறைக் காயின் விதைதான். அதில் எப்படிப் பாதிக்கு மேல் முளைக்கும்?

என் விளையின் கிழக்கு ஓரத்தில் வடலிகள், அதாவது இளம் பனைகள், நிற்கிற மேட்டில் பத்து இருபது நிலாவாரைச் செடிகள் நின்றன. மேடு என்பதால் வெள்ளம் ஏறவில்லை, முள் கிடந்ததால் பறிக்கப் போனவர்கள் யாரும் தொடவும் இல்லை. நெற்று உதிர்ந்து, அதிலிருந்து முளைத்த குட்டிச் செடிகளும் பூத்து நின்றன. தினம் காலையில் போய்ப் பார்ப்பேன். மஞ்சள் பூவைக் கருவண்டு கட்டிப் பிடித்துக்கொண்டு ர்ர்ர் என்று அதிரும், அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும், இந்தப் பூவில் தேன் கிடையாது. பூக்கிற சமயத்தில் மருந்தடித்து வண்டை விரட்டினால் காய் குறையும் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. பச்சைப் புழு இலையைத் தின்னும், சரி, அதற்கு நான் வேப்பங்கொட்டைக் கரைசலோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆட்கள் வயிற்றுக்குப் போகிற இலை அல்லவா.

அந்த மேட்டு நெற்றை கறுத்த பழுப்பு நிறம் வரும் வரை செடியிலேயே விட்டு, ஓலைக் கடவப் பெட்டியில் பறித்துக் காய வைத்துக் கசக்கினேன். ஒரு நெற்றுக்கு ஐந்தாறு விதை, கெட்டியாக, பல்லில் கடித்தால் நொறுங்காது. அதே மாதிரி நூறை எண்ணி முளைக்கப் போட்டேன், 84 வந்தது. போன ஐப்பசியில் அதைத்தான் விதைத்தேன், வரப்போரம் நாலு வரிசையை விதைக்கென்று தனியாக விட்டிருக்கிறேன். அதில் முதல் பறிப்பு மட்டும் எடுத்தேன், மொட்டு வந்த பிறகு இலையில் கை வைக்கவில்லை. குட்டையானது, சீக்கிரம் பூத்தது, ஆவாரை மாதிரி தெரிந்தது எல்லாவற்றையும் பூக்கும் முன்னே பிடுங்கி எறிந்துவிட்டேன். நாலு வரிசைக்கு உண்டான இலைக்காசு போகும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருஷம் முளைக்காத விதையை வாங்கி ஒரு ஏக்கரைத் தரிசாகப் போட்ட நஷ்டத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் உருவான கே.கே.எம். 1 என்று நல்ல நிலாவாரை ரகமே இருக்கிறது. நான் விசாரித்த இடங்களில் அந்த விதை கிடைக்கவில்லை. நெல்லுக்கும் உளுந்துக்கும் விதைப்பண்ணை வைத்துச் சான்று கொடுக்கிற மாதிரி, இராதாபுரம், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்தில் நாலு விவசாயிகளின் நிலத்தில் இதற்கும் விதைப்பண்ணை வைத்து, புரட்டாசிக்கு முன்னால் வட்டார விரிவாக்க மையங்களில் கிலோக் கணக்கில் கிடைக்கச் செய்தால் போதும். மானியம்கூட நான் கேட்கவில்லை, முளைக்கிற விதை வேண்டும், அவ்வளவுதான். இதை உங்கள் பத்திரிகை எடுத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலர்த்துவது பற்றியும் ஒரு வார்த்தை. இலையை நிழலில், காற்று ஓடுகிற இடத்தில், மெல்லிசாகப் பரப்பி ஒரு வாரம் பத்து நாள் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் கொட்டினால் பச்சை போய்க் கறுத்துவிடும், குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ரெண்டையும் வியாபாரி கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த ஞாயிறு பக்கத்தில் சரியான படம் ஒன்று போடுங்கள் ஐயா, இலைக்காம்பின் நுனி ஜோடியாக முடிவது தெளிவாகத் தெரிகிற மாதிரி. படம் இல்லை என்றால் நானே எடுத்து அனுப்புகிறேன், செடி இப்போது பூத்துக் காய்த்து நிற்கிறது. பங்குனியில் என் நாலு வரிசையும் நெற்றாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் யாராவது வந்து கேட்டால் ஆளுக்கு ஒரு படி விதை சும்மாவே தருவேன், அடுத்த வருஷம் அவர்கள் விளையிலும் ரெண்டு வரிசையைப் பறிக்காமல் விட வேண்டும் என்பது மட்டும்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திசையன்விளை வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.