சிங்கத்தைக் குறை சொல்லும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘எல்டன் ரிங்’ வீடியோ கேமின் டிஎல்சியான (தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேண்டுமென்றே ஆட்களை வதைக்கிறார்கள் என்கிறார் கட்டுரையாளர். தன் வீரனை 150 லெவல் வரை வளர்த்து வைத்திருந்தும் இரண்டே அடியில் செத்தாராம். நானும் செத்தேன். ஆனால் காரணம் வேறு.

உள்ளே போவதே முதல் வம்பு. மூல கேமில் ரடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளையும் வென்றால்தான் கதவு திறக்கும். என் அக்கா மகன் இது தெரியாமல் ஆசையாக வாங்கிவிட்டு, கார்டை வீட்டில் மறந்து ரேஷன் கடை வாசலில் நிற்பவன் மாதிரி நின்றான். “காசு கொடுத்தும் உள்ள விடமாட்டேங்கறான் மாமா” என்று ஒரு வாரம் புலம்பல்.

எனக்கு அடி விழுந்தது நடனச் சிங்கம் என்ற பாஸிடம் (பெரிய எதிரி). எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஆடி மாதம் அது. வெளியே ஸ்பீக்கர் அலறுகிறது, உள்ளே சிங்கம் தலையை ஆட்டிக்கொண்டு பாய்கிறது. உற்றுப் பார்த்தால் அதன் கால்கள் மனிதக் கால்கள். இரண்டு பேர் தோலுக்குள் புகுந்து ஆடுகிறார்கள், நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போல. காற்று, மின்னல், பனி என்று நடுவில் ஆட்டத்தையே மாற்றும். அழகில் சொக்கி, உருண்டு தப்பிக்க மறந்து செத்ததே நாலைந்து முறை இருக்கும்.

அப்புறம்தான் புரிந்தது. இந்த நிலத்தில் பழைய லெவலை மட்டும் நம்பிப் பயனில்லை. ‘ஸ்கேடுட்ரீ’ துண்டுகள் மொத்தம் 50 சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ‘ஆசி’ என்ற தனி பலத்தை 20 நிலை வரை ஏற்றலாம். ஒவ்வொரு நிலைக்கும் நம் அடி கனக்கும், வாங்கும் அடி குறையும். சில துண்டுகள் சிலுவைகளின் அடியில் இருக்கும், சிலவற்றைத் தலையில் சட்டி சுமந்த நிழல் மனிதர்கள் வைத்திருப்பார்கள். ஈஸி மோட் (ஆட்டத்தை எளிதாக்கும் வசதி) இல்லை என்று கட்டுரையாளர் வருந்துகிறார். ஐயா, இதுதான் ஈஸி மோட். மெனுவில் வைக்காமல் காட்டிலும் மேட்டிலும் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டையில் கேரம் ஆடி வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை. வீட்டு போர்டில் ரெட்டும் ஃபாலோவும் சர்வசாதாரணமாகப் போடுகிறவன், கிளப் போர்டில் உட்கார்ந்தால் முதல் இரண்டு ஆட்டம் ஸ்ட்ரைக்கர் சொன்ன பேச்சைக் கேட்காது. பவுடர் வேறு, வேகம் வேறு. போர்டைத் திட்டி என்ன பயன்?

பழைய கதையும் இருக்கிறது. 2014இல் இதே நிறுவனத்தின் ‘டார்க் சோல்ஸ் 2’ கேமுக்கு மூன்று கிரீடங்கள் என்று மூன்று டிஎல்சி வந்தன, ஒன்று 10 டாலர். அவற்றில் இரும்பு ராஜாவின் சாம்பல் கோபுரம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் வெள்ளைக் கிரீடத்தில் ஒரு பனிவெளி உண்டு. கண் தெரியாத பனிப்புயலில் நடக்க வேண்டும், கொம்புக் குதிரைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து முட்டும், கடைசியில் இரண்டு புலிகள். தோற்றால் மறுபடி அதே நடை. அதைக் கடினம் என்று சொல்ல மாட்டேன், இம்சை.

கட்டுரையாளர் திட்ட வேண்டிய இடமும் எர்ட்ரீயில் இருக்கிறது. (முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கடைசி பாஸாக மறுபடியும் ரடானைக் கொண்டு வந்தது எனக்கு ஏமாற்றம். அதிலும் இரண்டாம் கட்டத்தில் ஒளி வெள்ளத்தில் வாள் வருவதே தெரியவில்லை. பார்க்க முடியாத அடியைத் தவிர்க்கச் சொல்வது என்ன நியாயம்? இந்த டிஎல்சி வந்தது 2024 ஜூன் 21. அடுத்த வாரத்திலேயே ஆசியின் ஆரம்ப நிலைகளுக்குப் பேட்ச் (திருத்த அப்டேட்) மூலம் பலம் கூட்டினார்கள். இந்த ரடானைச் சரிசெய்ய செப்டம்பர் வரை ஆனது. நான் ஆகஸ்டிலேயே முடித்துத் தொலைத்துவிட்டேன், அது வேறு வயிற்றெரிச்சல்.

இந்த டிஎல்சிக்கு 40 டாலர் அதிகமா என்றால், எங்கள் வீட்டில் அதிகம்தான். தீபாவளிச் செலவோடு சேர்த்துக் கணக்கு எழுதினேன், மனைவி இன்னும் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விமர்சனம் போடும்போது, எந்த பாஸிடம் எத்தனையாவது ஆசி நிலையில் போய் நின்றார் என்று கட்டுரையாளரை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சிங்கத்திடம் நான் முதலில் போனது பூஜ்யத்தில்.

வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81