அந்த மூன்று பாயிண்ட்

மிச்சிகன்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள கண்ணா,

ஜெயித்தால் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் என்றிருந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நம் டெட்ராய்ட் லயன்ஸ் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸிடம் தோற்றதைப் பற்றி, போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீயும் அப்பாவும் போனில் சண்டை போட்டதிலிருந்து இந்த வீட்டில் யாரும் டிவியைத் தொடவில்லை. அப்பா ஆபீஸ் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். லயன்ஸ் தொப்பி சாவி மாட்டும் ஆணியில் அப்படியே தொங்குகிறது. நீயும் ஆறு நாளாக எனக்கு மட்டும்தான் போன் பண்ணுகிறாய். "அப்பாகிட்ட குடுக்கட்டுமா" என்றால் "மீட்டிங் இருக்கும்மா" என்கிறாய். நான் வாயால் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு பேர் கட்சியும் எனக்கு நன்றாகத் தெரியும். பாதி நேரத்தில் 24-7 என்று முன்னால் இருந்தோம். மூன்றாவது குவார்ட்டரில் நைனர்ஸ் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஒரு ஃபீல்ட் கோல் போட்டு 24-10. அடுத்து நம் கையில் பந்து, அவர்களுடைய 28 யார்டு கோட்டில் ஃபோர்த் டவுன், அதாவது கடைசி முயற்சி; இரண்டு யார்டு முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து அவர்கள் கைக்குப் போய்விடும். உதைத்திருந்தால் மூன்று பாயிண்ட், 27-10. நம் கோச் டான் கேம்பெல் உதைக்கச் சொல்லவில்லை, ஆடச் சொன்னார். காஃப் எறிந்த பந்து ஜோஷ் ரெனால்ட்ஸ் கையில் பட்டு விழுந்தது. அப்புறம் கடைசிக் குவார்ட்டரில் 27-24 என்று பின்தங்கியபோது, 30 யார்டு கோட்டில் மறுபடி ஃபோர்த் டவுன், மூன்று யார்டு. உதைத்தால் சமன். அப்போதும் ஆடச் சொன்னார், அதுவும் கிடைக்கவில்லை. 34-31 என்று தோற்றோம். மூன்றே பாயிண்ட்.

"மூணு பாயிண்ட்டை ரெண்டு தடவை தூக்கிப் போட்டுட்டு மூணு பாயிண்ட்ல தோத்தா அதுக்கு என்ன பேரு?" என்றார் அப்பா. "முடிவைப் பாத்துட்டு பேசாதீங்கப்பா, அந்த நேரத்துல கணக்கு சரியாத்தான் இருந்தது" என்றாய் நீ. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க தலைமுறைக்கு பயம்தான் புத்தி" என்று ஒரு வார்த்தை சொன்னாய் பார், அதற்குத்தான் அப்பா போனை வைத்தார்.

முதல் முடிவில் நான் உன் பக்கம். இரண்டு யார்டுதான் வேண்டும், நம்முடைய தடுப்பு வரிசை இந்த வருஷம் மலை மாதிரி நின்றது, பந்தும் கைக்குத்தான் வந்தது. அந்தப் பிள்ளை பிடித்திருந்தால் இன்றைக்கு ஊரே கேம்பெல்லைக் கொண்டாடியிருக்கும். நவம்பரில் சார்ஜர்ஸ் அணியோடு ஆடினபோதும் இப்படித்தானே நடந்தது, நீ நண்பர்களோடு காரில் போய்ப் பார்த்தாயே. 38-38, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு, ஃபோர்த் டவுன், இரண்டு யார்டு. அன்றைக்கும் உதைக்காமல் ஆடச் சொன்னார். நம் லபோர்ட்டா பிடித்தான், நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் உதைத்து 41-38 என்று ஜெயித்தோம். அப்பா சோபாவிலிருந்து எழுந்து நின்று கை தட்டினார். டிசம்பர் 30-ஆம் தேதி டாலஸில், கடைசி அரை நிமிஷத்தில் பந்தைக் கோல் கோட்டுக்குள் கொண்டுபோய் டச் டவுன் போட்டபின், ஒரு பாயிண்ட் உதையில் சமன் செய்யாமல் ஜெயிக்க இரண்டு பாயிண்டுக்கு ஆடிப் பார்த்ததையும் அவர் தப்பென்று சொல்லவில்லை. நம் டெக்கர் பிடித்தது செல்லாது என்று கொடி வீசிய நடுவரைத்தான் ராத்திரி முழுக்கத் திட்டினார். இதையெல்லாம் நான் அவரிடமும் சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை.

இரண்டாவது முடிவில் நான் அப்பா பக்கம். அப்போது நாம் பதினேழு பாயிண்ட் முன்னிலையை இழந்து நின்றோம். அவர்களுடைய அயுக் பிடித்த பந்து நம் ஆள் முகக்கவசத்தில் பட்டு எகிறி அவன் கைக்கே போனது. அடுத்து நம் கிப்ஸ் பந்தை நழுவவிட்டான். அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஸ்கோர் சமமானால் பிள்ளைகளுக்கு மூச்சு வந்திருக்கும். நமக்காக உதைக்கும் பேட்ஜ்லி இரண்டு வாரம் முன்னால்தான் ராம்ஸ் அணிக்கு எதிராக ஐம்பது யார்டுக்கும் மேலிருந்து உதைத்துப் போட்டான். நம்பி அனுப்பியிருக்கலாம்.

ஆனால் நீங்கள் இரண்டு பேருமே பேசாத ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. 34-24 என்று பின்தங்கி, கடைசியில் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு வரைக்கும் போனோம். கடிகாரத்தை நிறுத்தும் டைம்-அவுட் மூன்றும் கையில் முழுசாக இருந்தன. தேர்டு டவுனில் பந்தை எறியாமல் நம் மான்ட்காமரியை ஓடவிட்டார்கள். அவனை மடக்கினார்கள், கடிகாரம் ஓடியது, ஒரு டைம்-அவுட் போனது. அடுத்த முயற்சியிலேயே நம் ஜேம்சன் வில்லியம்ஸ் டச் டவுன் போட்டான், 56 விநாடி மிச்சம். மூன்று டைம்-அவுட்டும் இருந்திருந்தால் பந்தைத் தூர உதைத்துவிட்டு, அவர்களைத் தடுத்து, சில விநாடிக்காவது பந்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். இரண்டுதான் இருந்ததால், கிட்டத்தில் உதைத்து நாமே பந்தைப் பிடிக்கப் பார்க்கும் ஆன்சைடு கிக்கை நம்ப வேண்டியதாயிற்று. அது அவர்கள் கைக்குப் போனது, முடிந்தது. எங்கள் லேபில் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஃபோர்த் டவுன் பேச்சுத்தான். நான் இதைச் சொன்னதும் இரண்டு பேர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார்கள்.

அந்த லேபில் இருபது வருஷமாக என் பக்கத்து மேஜையில் இருக்கும் அம்மாளை உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு நீலத் தொப்பி பின்னிக் கொடுத்தாளே, அவள்தான். அவளுடைய அப்பா 1957-இல் லயன்ஸ் சாம்பியன் ஆனதைப் பார்த்தவர். சூப்பர் பவுல் என்ற ஒன்றே அப்போது கிடையாது. அதற்குப் பிறகு சாம்பியன் பட்டமும் இல்லை, ஒரு சூப்பர் பவுலில் கால் வைத்ததும் இல்லை. அவர் காத்திருந்து காத்திருந்தே போய்ச் சேர்ந்தார். திங்கட்கிழமை அவள் யார் பக்கமும் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது அப்பா விஷயம். இது உனக்குத் தெரியாது. எனக்கே அவர் ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்.

1992 ஜனவரியில் அவர் இங்கே படிக்க வந்து இரண்டாவது குளிர்காலம். மூன்று பேர் சேர்ந்திருந்த வாடகை அறையில், யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன டிவியில் பார்த்தாராம். நம் பழைய அரங்கமான பான்டியாக் சில்வர்டோமில் டாலஸை 38-6 என்று லயன்ஸ் அடித்தது. நம் பாரி சாண்டர்ஸ் பந்தோடு ஓடுவதைப் பார்த்துத்தான் இந்த ஆட்டமே அவருக்குப் புரிந்தது. அடுத்த வாரம் வாஷிங்டனில் 41-10 என்று தோற்றார்கள். அப்பா அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம். இவ்வளவு நல்ல அணி, அடுத்த வருஷமும் இங்கே வந்து நிற்கும் என்று நினைத்தாராம்.

அந்த "அடுத்த வருஷம்" வர முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று. நடுவில் கல்யாணம், நீ, உன் தங்கை, இரண்டு வீடு, தாத்தா பாட்டி காரியம் எல்லாம் ஆகிவிட்டது. சாண்டர்ஸ் 1999-இல் திடீரென்று ஓய்வு பெற்றார். 2008-இல் பதினாறு ஆட்டமும் தோற்றபோது உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துக்கு லயன்ஸ் சட்டை போட்டுக்கொண்டு போக மாட்டேன் என்று அழுதாய். அப்பா தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு உன்னைக் கொண்டுபோய் விட்டார். அந்த அணியில் கேம்பெல்லும் ஒரு ஆட்டக்காரராக இருந்தார் என்பதை இந்த வருஷம்தான் அப்பா எனக்குச் சொன்னார். அதனாலேயே அந்த மனுஷனை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

இந்த ஜனவரி 14-ஆம் தேதி ராம்ஸை 24-23 என்று ஜெயித்த ராத்திரி, நீ வீடியோ காலில் குதித்துக்கொண்டிருந்தாய். அப்பா முகம் தெரியவில்லை என்றாய். அவர் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு ராம்ஸுக்கு ஆடிய ஸ்டாஃபோர்டு அதற்கு முன் நமக்காகப் பன்னிரண்டு வருஷம் அடிபட்டு மிதிபட்டு ஆடினவன், அவனைப் போய் ஊரே கூச்சலிட்டு விரட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கும் பொறுக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அவனுடைய 9-ஆம் நம்பர் சட்டை இன்னும் உன் அலமாரியில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நாம் தனியாகப் பேச வேண்டும்.

போன ஞாயிறு நைனர்ஸிடம் தோற்ற பிறகு கேம்பெல் தன் ஆட்டக்காரப் பிள்ளைகளிடம் என்ன சொன்னாராம் தெரியுமா? இதுவே நமக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பாகவும் இருக்கலாம், திரும்ப இந்த இடத்துக்கு வருவது இரண்டு மடங்கு கஷ்டம் என்றாராம். நீ அதைக் கேட்டு, எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று எனக்கு மெசேஜ் அனுப்பினாய். அப்பாவும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். இருபத்தாறு வயதில் தான் நினைத்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். கையில் கிடைக்கும் மூன்று பாயிண்டை எடு என்று அவர் சொல்வதற்குப் பயம் காரணம் இல்லை கண்ணா. உன் சதவீதக் கணக்கில் ஒரு ஃபோர்த் டவுன் தப்பினால் அடுத்தது வரும். அவர் கணக்கில் வரவில்லை.

பதினோராம் தேதி சூப்பர் பவுல். நைனர்ஸும் சீஃப்ஸும். பார்க்க மாட்டேன் என்கிறார். செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே அந்த சீஃப்ஸை நாம் அவர்கள் ஊரில் வைத்து 21-20 என்று ஜெயித்ததை அவருக்கு நீ ஞாபகப்படுத்தினால் பார்ப்பார். நான் சொன்னால் எடுபடாது. ஏப்ரல் 25-இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நம் டெட்ராய்ட்டிலேயே நடக்கிறது. லீவு போட்டு வா, இரண்டு பேரும் போய்வாருங்கள். முறுக்கு பார்சல் திங்கட்கிழமை அனுப்புகிறேன், ஊறுகாய் அடியில் இருக்கும், பார்த்துப் பிரி.

நாளைக்கு ஞாயிறு. நம் ஆட்டம் கிடையாது. காலை பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டு அப்பா சும்மாதான் உட்கார்ந்திருப்பார். உனக்கு அப்போது ஏழு மணி, அலாரம் வைத்துக்கொள். சில்வர்டோமில் டாலஸை அடித்தது எப்படி இருந்தது என்று கேள்.

அன்புடன்
அம்மா