எங்கள் எண்களை யாரிடம் கொடுத்தீர்கள்? மாநாட்டு அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நீங்கள் நடத்திய இரண்டு நாள் இணையப் பாதுகாப்பு மாநாட்டுக்கு நானும் என் உதவியாளரும் வந்திருந்தோம். ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. கட்டணத்தைச் சங்கம் கட்டியது. அதற்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதலை வாங்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதனால் ஓர் அமர்வையும் விடாமல் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தோம்.

கற்றுக்கொண்டதை மறைக்க மாட்டேன். இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள், ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் தர வேண்டும், கணினிகளில் நடப்பதைக் குறிக்கும் பதிவுகளை 180 நாள் காத்து வைக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவை ஓர் இளைஞர் எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்கும் புரியும்படி விளக்கினார். ஊர் திரும்பிய மறுவாரமே எங்கள் சர்வரில் அதற்கு வழி செய்துவிட்டேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இந்த மடலை எழுத வைத்தது நீங்கள் எங்கள் கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டை.

உள்ளே நுழையும்போது அதை ஸ்கேன் செய்தார்கள். ஒவ்வொரு வகுப்பின் வாசலிலும் ஸ்கேன் செய்தார்கள். கண்காட்சிக் கூடத்தில் ஒரு துணிப்பை வாங்குவதற்கும் அட்டையை நீட்ட வேண்டியிருந்தது. அன்றிரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, என் சாதாரணக் கைப்பேசியின் கேமராவை அந்த கியூஆர் குறியீட்டின் முன் பிடித்துப் பார்த்தேன். என் பெயர், பதவி, கைப்பேசி எண், மின்னஞ்சல், அலுவலக முகவரி எல்லாம் வரிவரியாகத் திரையில் வந்து நின்றன. எந்தப் பூட்டும் இல்லை. அந்த அட்டையைத்தான் பலர் நெஞ்சில் தொங்கவிட்டுப் படம் எடுத்து லிங்க்ட்இன்னில் போட்டிருந்தார்கள். தேவைக்கு மேல் தகவல் வாங்காதீர்கள் என்று முதல் நாள் காலையில் உங்கள் மேடையில்தான் பேசினார்கள்.

மறுநாளே அழைப்புகள் தொடங்கின. ஃபயர்வால் விற்பவர், காப்பீடு விற்பவர், பயிற்சி விற்பவர். ஒரே நாளில் முப்பது வரை எண்ணினேன்.

பன்னிரண்டாம் நாள் என் உதவியாளருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மாநாட்டுச் சான்றிதழ் தயாராக இருக்கிறது, 49 ரூபாய் கட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. கணினிப் பிரிவில் இருப்பவள் எப்படி ஏமாந்தாள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பெயர் சரி, பதவி சரி, இரண்டாம் நாள் பிற்பகல் அவள் உட்கார்ந்திருந்த வகுப்பின் தலைப்பும் சரி. அந்த வகுப்பில் அவள் இருந்தது எனக்குத் தெரியும், வாசலில் ஸ்கேன் செய்த உங்களுக்குத் தெரியும். நம்பிக் கட்டப் போனதில் அவள் கணக்கிலிருந்து 18,400 ரூபாய் போனது. சேர்ந்து எட்டு மாதமான பெண்ணுக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தோம். இரண்டு நாள் கழித்து விவரம் கேட்கக் காவல் நிலையத்திலிருந்து இருமுறை அழைத்திருக்கிறார்கள். அவள் எடுக்கவில்லை. விற்பனை அழைப்புகளுக்குப் பயந்து, தெரியாத எண் எதையும் எடுப்பதை நிறுத்தியிருந்தாள். மூன்றாம் நாள் நேரில் போனபோதுதான் தெரிந்தது. காவலர் கைப்பேசியைக் காட்டி, இது நாங்கள்தானம்மா என்றார். அவள் தலை குனிந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பட்டியல்தான் கசிந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: எங்கள் எண்களை யாரிடம் கொடுத்தீர்கள்?

இந்தத் துறையில் இது புதிதும் இல்லை. 2018இல் அமெரிக்காவில் பிளாக் ஹாட் என்ற இணையப் பாதுகாப்பு மாநாட்டுக்குப் போன ஓர் ஆய்வாளர், தன் அட்டையின் சிப்பைப் படித்து, அதிலிருந்து தொடங்கி, வந்தவர்களின் தொடர்பு விவரங்களைக் கடவுச்சொல் இல்லாமலே எடுக்க முடியும் என்று காட்டினார். தெரிவித்ததும் அந்த வழியை அடைத்தார்கள். 2010இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஸ்செர்ட் என்ற இணையப் பாதுகாப்பு மாநாட்டில் ஐபிஎம் இலவசமாகக் கொடுத்த யூஎஸ்பிகளில் கணினியைப் பாதிக்கும் தீநிரல் இருந்தது. அந்த நிறுவனமே வந்தவர்களுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டது. லாஸ் வேகஸில் நடக்கும் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பெயரே கேட்காமல், வாசலில் ரொக்கம் வாங்கிக்கொண்டு அட்டை கொடுக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. மனம் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

துணிக்கடையில் எண் கேட்கிறார்கள், மருந்துக்கடையில் கேட்கிறார்கள், அடுக்குமாடி வாசலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்கிறார்கள். பில் போட எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023இல் நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்திய பிறகும் கல்லாவில் கேள்வி நிற்கவில்லை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்ன நாடு இது. கல்லாவில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு முழு அமர்வே நடத்தினீர்கள். ஒப்புதல் என்பது எதற்கென்று தெளிவாகச் சொல்லி, தாமாக மனமுவந்து கொடுக்கப்பட வேண்டியது என்று அங்கேதான் குறித்துக்கொண்டேன். உங்கள் பதிவுப் படிவத்தில் ஆதரவு நிறுவனங்களுக்குத் தகவல் தருவதை மறுக்க ஒரு கட்டம்கூட இல்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இவ்வளவுதான். எங்கள் எண்களை யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்று வந்தவர்கள் அனைவருக்கும் எழுதிச் சொல்லுங்கள். உங்களிடமும் அவர்களிடமும் இருக்கும் பட்டியலை அழித்து, அழித்ததை உறுதிப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு அட்டையில் ஓர் எண் மட்டும் இருக்கட்டும், எங்கள் வாழ்க்கை விவரம் வேண்டாம்.

இந்த மடலின் நகலை மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கிறேன். பதிலை அதிலேயே எழுதுங்கள். என் உதவியாளரை மட்டும் கைப்பேசியில் அழைக்க வேண்டாம். அவள் இன்னும் புது எண்களை எடுப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாநாட்டின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன்