அண்ணனுக்குத் தூக்கம் வரவில்லை

என் அருமைத் தோழிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், அண்ணனைத் தவிர. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் அண்ணனும் பெரிய அத்தானும் முட்டிக்கொண்டார்கள். ஏதோ ஒரு தலைவர் மேடையில் பேசிய அரை நிமிட வீடியோ. அத்தான் அதைக் குடும்பக் குழுவில் போட, அண்ணன் பதில் போட, அத்தான் பழைய கணக்கையெல்லாம் கிளற, ராத்திரியோடு ராத்திரியாக அண்ணன் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். அந்த இரண்டு பேர்டி! வாசலில் நின்று மணிக்கணக்காகப் பேசுவார்களே, நீகூடக் கேலி செய்வாயே.

சண்டைகூடப் போகட்டும், நாளைக்குச் சேர்ந்துவிடுவார்கள். ராத்திரியை நினைத்தால்தான் எனக்குப் பயம். விளக்கை அணைத்த பிறகும் அவர் அறையில் போன் வெளிச்சம். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். போனை மார்பில் கவிழ்த்துவைத்துக் கண்ணை மூடுகிறார், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி எடுக்கிறார். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது, தாடை இறுகிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். மதியம் படித்த அதே செய்திதான், வேறு தலைப்பில். டாக்டர் ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டிவிட்டு, "அப்படி என்ன கவலை உங்களுக்கு?" என்று கேட்டாராம். "நாட்டைப் பற்றித்தான்" என்றாராம் இவர். நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது இவர் ஒருவருக்குத்தானா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2017-இல் 800 பேரிடம் கேட்டு, 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அரசியலால் தூக்கம் கெட்டது என்று ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார்கள். நட்பு கெட்டது என்று சொன்னவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவே. அண்ணனுக்கு இரண்டும் ஆகிவிட்டது! அங்கேயே உளவியல் சங்கத்தின் கணக்குப்படி, தேர்தலே பெரிய மன அழுத்தம் என்றவர்கள் 2016-இல் 52 சதவீதம், 2020-இல் 68.

என்னை உலுக்கியது இன்னொன்று. 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்ததே, அதற்குப் பிறகு ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த வாரம் தினமும் 6 மணி நேரம், அதற்கு மேல் என்று அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் மன உளைச்சல் அதிகமாக இருந்ததாம். யோசித்துப் பார்த்தால் புரிகிறது. பயமோ கோபமோ வந்தால் உடம்பு ஓடவோ மோதவோ தயாராகிறது, அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன்கள் ஏறுகின்றன. போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் எங்கே ஓடுவார், யாரோடு மோதுவார்? ஏறியது இறங்குவதற்குள் அடுத்த பிரேக்கிங் நியூஸ் வந்துவிடுகிறது.

யாரிடம் சொன்னாலும் "செய்தி பார்க்காதே என்று சொல்லு" என்கிறார்கள். இதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. பார்க்காமல் இருந்துவிடுவது எல்லோருக்கும் கொடுத்துவைத்த சௌகரியமா? வேலையோ ஓய்வூதியமோ இருக்கிற உரிமையோ ஒரு அறிவிப்பில் தொங்கிக்கொண்டிருக்கிற ஆளிடம் போய் டிவியை அணை என்று எந்த வாயால் சொல்வது? 2023-இல் வந்த ஆய்வு ஒன்று சொல்வதும் என்னைப் போட்டு வதைக்கிறது. அரசியல் தரும் கசப்பிலிருந்து மனதைத் திருப்பிக்கொண்டவர்களுக்கு நிம்மதி கிடைத்திருக்கிறது, கூடவே இறங்கி ஏதாவது செய்யவேண்டும் என்கிற துடிப்பும் குறைந்துவிட்டிருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களுக்காகப் படியேறி இறங்கினவர் அண்ணன். உன் பெயரைச் சேர்த்துக் கொடுத்ததும் அவர்தானே? அவர் வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவது எனக்கு வேண்டாம். மனு எழுதின களைப்பில் தூங்கினாரே, அந்தத் தூக்கம்தான் வேண்டும்.

அவரைக் கெடுப்பது அக்கறை இல்லைடி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பதுதான். அதனால் போன் இனி ராத்திரி கூடத்தில்தான் சார்ஜ் ஆகும் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். காலையில் பேப்பர், சாயங்காலம் ஒரு செய்தி, போதும். அந்த விவாத நிகழ்ச்சியை மட்டும் விடமாட்டேன் என்கிறார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதில் என்ன தெரிந்துகொள்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. சரி, அதற்கும் ஒரு வழி பார்க்கிறேன்.

நீ ஒரு உதவி செய். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் பண்ணு. உடம்பு எப்படி என்று ஆரம்பிக்காதே, நான் எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதே. அரசியலே பேசு. உனக்கும் அவருக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது? ஆனால் உன்னோடு வாதாடிவிட்டு அவர் தெம்பாக எழுந்து போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த வருஷப் பட்டியல் வேலைக்கு ஆள் வேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவை, மீதியை அவரே பார்த்துக்கொள்வார். அத்தானிடம் நான் பேசிக்கொள்கிறேன். அக்கா காதில் மட்டும் இதெல்லாம் போட்டுவிடாதே, ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் தோழி